மொய்யில் திரும்பி வராத புத்தகம்

செவ்வாய்க்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற தாய்மாருக்கும், கோயில் கொடைத் திருவிழா மலரை வாங்கி வாசிக்கிற எல்லாருக்கும், பசுவந்தனை பலசரக்குக் கடை கோமதி கும்பிட்டு எழுதுதேன்.

பூஜை முடிஞ்சு ஒவ்வொருத்தரும் அம்மன் தனக்குச் செஞ்சதைச் சொல்லும்போது நான் வாயைத் திறந்ததே இல்லை. எனக்கு என்ன குறைன்னு ஒரு நெனப்பு. இந்த வருசம் எனக்கும் சொல்ல ஒண்ணு இருக்கு. சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா தலைகுனிய வச்சவளும் அவதான், தூக்கி விட்டவளும் அவதான். பாதியை மட்டும் சொன்னா சாமி குத்தமாயிரும்.

என் மருமகள் பேரு கற்பகம். வீட்டுலயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறா. தைக்காத நேரம் எழுதுவா. என்னட்டி எழுதுதன்னு கேட்டா, "சும்மா அத்தை" ன்னு சொல்லிச் சிரிப்பா. சும்மா சும்மான்னே வருசக்கணக்கா எழுதி அது ஒரு நாவலாயிட்டு. பதிப்பகத்துக்கு அனுப்பினா. ஒருத்தர் பதிலே போடலை. ஒருத்தர் பேரு தெரியாத ஆள் எழுதினா விக்காதும்மான்னு போன்லயே சொல்லிட்டாரு. சரி, நாமளே அடிப்போம்னு தையல் காசைக் கொண்டுபோய் சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல கொடுத்தா. நாவலுக்குப் பேரு 'அரைப்படி வெயில்'. பொங்கல் கழிஞ்சு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வேன்ல வந்து இறங்குச்சு. கடையில சீனி மூட்டை கிடக்கிற இடத்துல அடுக்கினோம்.

அட்டையில அவ பேரு போட்டிருந்துச்சு. அதைத் தடவிப் பாத்தேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துட்டு. இந்தத் தெருவுல யாரு வீட்டுல அச்சுல பேரு வந்திருக்கு?

அச்சடிக்கிறதுதான் கஷ்டம், விக்கிறது தானா நடக்கும்னு நெனச்சோம். எத்தனை வருசமா நான் கடையில உக்காந்திருக்கேன், விக்கிறதைப் பத்தி எனக்கு யாரு சொல்லணும்னு இருந்தேன். ஆனா புளியும் பருப்பும் கேட்டு வருகிற ஆளு கதை கேட்டு வரமாட்டான் போல. என் மகன் கோவில்பட்டியில ஒரு புத்தகக் கடையில கொஞ்சம் கொண்டுபோய் வச்சான். மறுவாரம் போய்ப் பாத்தா பரீட்சை கைடுகளுக்குப் பின்னால கிடக்கு. கற்பகம் புத்தகத்தைப் படம் எடுத்துப் போன்ல எல்லாருக்கும் போட்டா. ஊர்ப்பட்ட பேர் பூவும் கைதட்டுறதுமா அனுப்பினாக. எங்க கிடைக்கும்னு ஒருத்தர் கேக்கலை. புத்தகக் கண்காட்சியில ஒரு மேசையில பாதியை வாடகைக்குப் பிடிச்சு உக்காந்திருந்தா. சமையல் புத்தகம் இருக்கா, ஜாதகப் புத்தகம் இருக்கான்னு கேட்டுட்டுப் போனாகளாம். எடுத்துப் பொரட்டினவுக கூட, "நீங்களே எழுதி நீங்களே விக்கீங்களாக்கும்" ன்னு வச்சிட்டாக. அன்னைக்கு அவ வந்து சாப்பிடாமப் படுத்துட்டா.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. என் யோசனைதான், வேற யாரையும் சொல்லக்கூடாது.

தையும் மாசியும் கல்யாணக் காலம். வாரத்துக்கு ரெண்டு மூணு விசேஷம் வரும். எங்க போனாலும் மொய் ரூவாயோட ஒரு புத்தகத்தையும் மஞ்சப்பையில போட்டு வச்சேன். விக்காட்டி என்ன, நாலு வீட்டுக்குள்ள போனாப் போதும், நாலு பேரு படிச்சா நாப்பது பேருக்குச் சொல்லுவாகன்னு கணக்கு. மொத வீட்டுலயே மொய் எழுதுறவன் பேனாவைப் பிடிச்சிக்கிட்டு முழிச்சான்.

"பெரியம்மா, இதுக்கு எவ்வளவுன்னு போட?"

"ரூவா போடாதலே. புத்தகம்னு எழுது. பேரையும் சேத்து எழுது. நாளைக்குப் பொரட்டிப் பாக்கிறவனுக்குத் தெரியட்டும்."

"கதைப் பொஸ்தகமா பெரியம்மா?"

"கதைதான். படிச்சா கண்ணுல தண்ணி வரும்."

எல்லார்கிட்டயும் இதையே சொன்னேன். கண்ணுல தண்ணி வரும், கண்ணுல தண்ணி வரும்னு. அவுகளும், "மருமவ எழுதினதா, பெரிய விசயம்லா" ன்னு கும்பிட்டு வாங்கினாக. கடைக்கார ஆச்சி கொடுக்கிறதை யாரு வேண்டாம்பாக? பாதிப் பேருக்கு எங்க கடையில பாக்கி இருக்கு. அந்த முகத்தாட்சண்யம் எனக்கு அப்பத் தெரியலை.

நாகலாபுரத்துல ஆடு வச்சிருக்கிற மூக்கம்மா மகன் கல்யாணத்துக்கும் போனேன். அவ எனக்குச் சின்ன வயசுல இருந்தே பழக்கம், மதினி மதினின்னுதான் கூப்பிடுவா. அவ வீட்டுல யாரு வாசிக்கப் போறான்னு நெனச்சு, வேன்ல வரும்போது மூலை மடங்கிப்போன புத்தகம் ஒண்ணை எடுத்து வச்சேன். இதையும் எழுதத்தான் வேணும்.

சித்திரை வந்துட்டு. ஒருத்தர் கூடப் படிச்சேன்னு சொல்லலை. கடைக்குச் சாமான் வாங்க வருகிறவுக கிட்ட, "புத்தகம் எப்படி இருந்துச்சு?" ன்னு கேப்பேன். "இன்னும் எடுக்கலை ஆச்சி", "புள்ளைகளுக்குப் பரீட்சை ஆச்சி" ன்னு சொல்லுவாக. அப்புறம் அந்தக் கேள்விக்குப் பயந்தே ரெண்டு வீட்டு ஆளுக அடுத்த தெருக் கடைக்குப் போக ஆரம்பிச்சிட்டாக.

கற்பகம் எழுதுறதை நிறுத்திட்டா. அடுத்த நாவலுக்கு எழுதி வச்சிருந்த தாளையெல்லாம் துணிக் கரையால கட்டிப் பரண்ல போட்டா. ஒருநாள் தைச்சுக்கிட்டே, தலை நிமிராமச் சொன்னா.

"அத்தை, பழைய பேப்பர் அண்ணாச்சியை வரச் சொல்லியிருக்கேன். பிள்ளைக்குக் காதுகுத்து முடிஞ்ச மறுநாள் வருவாரு. பெட்டியெல்லாம் எடுத்துக்கிடுவாரு."

"எதுக்குட்டி?"

"வெடிக்கு மேல சுத்த காகிதம் வேணுமாம். வெடிச்சாலாவது நாலு பேரு திரும்பிப் பாப்பாக."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

அந்த வெள்ளிக்கிழமை நம்ம அம்மன் சன்னிதியில போய் நின்னேன். எனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அன்னைக்குக் கேட்டேன். "தாயே, விக்க வேண்டாம். பேரு வர வேண்டாம். எனக்குப் பயந்து இல்லாம, எனக்காக இல்லாம, ஒரே ஒரு ஆளு அந்தப் புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படிச்சிருக்கணும். அதை என் மருமக காதால கேக்கணும். அவ எழுதுறதை விட்டுறக் கூடாது. நடத்திக் கொடு, மாவிளக்கு எடுக்கேன்." அழுதேன். பூசாரி பாத்துருவாரோன்னு முந்தானையால துடைச்சுக்கிட்டேன். அழும்போதும் எனக்குக் கௌரவம்தான் பெருசு.

வைகாசியில பேரனுக்குக் காதுகுத்து. எங்க குலசாமி கோயில்ல பந்தல் போட்டிருந்தோம். மொய் மேசையில என் மகன் உக்காந்திருந்தான். மொதல்ல வந்தது எங்க சம்பந்தி வழிப் பெரியவர். ரூவாயை வச்சாரு. பையில கையை விட்டு, ஒரு புத்தகத்தை எடுத்து வச்சாரு.

'அரைப்படி வெயில்'.

"என்ன அண்ணாச்சி இது?" ன்னேன்.

"நீ வச்சதுதான் கோமதி. ரூவா வச்சா ரூவா, பண்டம் வச்சா பண்டம். வாங்கினதைத் திருப்பாம இருக்க முடியுமா? உன் மகனை எழுதச் சொல்லு."

அடுத்து ஒருத்தி. அடுத்து ஒருத்தர். நான் வச்ச வீடெல்லாம் கொண்டாந்துட்டாக. என் மஞ்சப்பையிலயே, நான் கட்டிக் கொடுத்த சணல் கூட அவிழ்க்காம. ஒருத்தி அதுமேல மஞ்சள் குங்குமம் வேற வச்சுக் கொண்டாந்திருந்தா. ரூவா போடாதே, புத்தகம்னே எழுதுன்னு வீம்பு பண்ணினவ நான்தானே. ரூவான்னு போட்டிருந்தா ரூவாயாத் திரும்பியிருக்கும். மேசை கொள்ளாமத் தரையில அடுக்கினான் என் மகன். ஒரு பொல்லாத கிழவர், "என்ன கோமதி, இது காதுகுத்தா, லைப்ரரித் திறப்பு விழாவா?" ன்னாரு. பந்தலே சிரிச்சிட்டு.

கற்பகம் இடுப்புல பிள்ளையோட பந்தல் கால்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. மொட்டை போட்ட பிள்ளை அவ காதைப் பிடிச்சு இழுக்கான், அது கூடத் தெரியாம அந்த அடுக்கையே பாத்துக்கிட்டு நின்னா. பூமி பிளந்து என்னை உள்ள வாங்கிக்கிடாதான்னு இருந்துச்சு. ஒரு ஆளைக் கேட்டேனே தாயே, இப்படியா பதில் சொல்லுவேன்னு மனசுக்குள்ள அம்மனை ஏசிட்டேன்.

பந்தி முடியுத நேரம் மூக்கம்மா வந்தா. கையில ஒரு ஆட்டுக்குட்டி.

"மதினி, கோவிச்சுக்கிடாதீக. நீங்க வச்ச பொஸ்தகத்தை என்னால திருப்ப முடியாது. அதுக்குப் பதிலா இந்தக் குட்டியை வச்சுக்கோங்க."

"ஏன், தொலைச்சிட்டியா?"

"தொலைக்கிறதா? ஆட்டுக்கிடையோட போயிருக்கு. இப்பம் குளத்தூர்ப் பக்கம் ஒரு காட்டுல கிடை போட்டிருக்கோம். என் மருமவதான் வாசிப்பா. ஆட்டை மடக்கி வச்சிட்டு எல்லாரும் சுத்தி உக்காந்துருவோம். முடிஞ்சதும் மறுபடி மொதல்ல இருந்து வாசின்னுட்டாக. இப்பம் பக்கத்துக் கிடைக்காரன் வாங்கிட்டுப் போனவன் தர மாட்டேங்கான். அட்டை போயிட்டு. நடுவுல ரெண்டு தாளை ஆடு கடிச்சிட்டு. அந்த ரெண்டு தாள்ல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக."

கற்பகம் பிள்ளையோட கிட்ட வந்தா. மூக்கம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏத்தா, நீதான எழுதினது? நல்லா இரு. ஆனா கிழவியைச் சாகடிச்சது சரியில்ல பாத்துக்க." அப்புறம் என் பக்கம் திரும்பினா. "மதினி, நீங்க சாவுத எடம் வந்ததும் எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு ஆட்டைப் பாக்கப் போறேன்னு போயிட்டாரு. ஆடு எங்க போச்சு? அழப் போனாரு."

"நான் சாவுத எடமா? நான் எங்கட்டி செத்தேன்?"

"என்ன மதினி இப்படிக் கேக்கீக? கடைக்காரப் பேச்சியம்மான்னு பேரை மாத்தினாத் தெரியாதாக்கும்? பேச்சு, நடை, பாக்கி வச்சவனை முறைக்கிற முறைப்பு, எல்லாம் நீங்கதான். நீங்க படிக்கலையா?"

எல்லாரும் என்னையே பாத்தாக.

நான் படிக்கலை. தாய்மாரே, நான் படிக்கலை. ஊர் ஊராத் தூக்கிட்டு அலைஞ்சு, கண்ணுல தண்ணி வரும்னு சொன்னவ, ஒரு பக்கத்தைத் திறந்து பாக்கலை. ரெண்டாங் கிளாஸ் படிச்சவ நான். பஸ் போர்டு வாசிப்பேன், பாக்கிக்காரன் பேரு எழுதுவேன். அத்தனை பக்கத்தைப் பாத்ததும் மலைப்பு. கற்பகம் அப்பவே கேட்டா, "வாசிச்சுக் காட்டவா அத்தை?" ன்னு. கதை கேக்கவா நேரம் இருக்கு, கடையை யாரு பாக்கன்னுட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்னு அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரு வீம்பு. சணல் அவிழ்க்காமத் திருப்பிக் கொண்டாந்தவுக மேல எனக்கு அவ்வளவு கோபம் வந்துச்சே, எனக்கும் அவுகளுக்கும் என்ன வித்தியாசம்? அவுகளாவது கண்ணுல தண்ணி வரும்னு பொய் சொல்லலை.

நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன். கற்பகம்தான், "அத்தைக்குக் கண்ணு சரியில்ல சித்தி" ன்னு சொல்லி என்னைக் காப்பாத்தினா. அது அதைவிடக் கூச்சமா இருந்துச்சு.

மறுநாள் பேப்பர் அண்ணாச்சி சாக்கோட வந்தாக. கற்பகமே வெளிய போய், "அண்ணாச்சி, இப்பம் கொடுக்கலை. கொஞ்சம் பேரு கேட்டிருக்காக" ன்னு சொல்லி அனுப்பிட்டா. மத்தியானம் பரண்ல ஏதோ உருட்டுத சத்தம் கேட்டுச்சு. சாயங்காலம் தையல் மிஷின் மேல அந்தத் தாள்க்கட்டு இருந்துச்சு, கரையை அவிழ்த்து.

மாவிளக்கு எடுத்தேன். எடுத்துட்டு வந்து கடையில உக்காந்து, திரும்பி வந்த புத்தகத்துல ஒண்ணைப் பிரிச்சேன். விரலை வச்சு எழுத்துக் கூட்டி வாசிச்சேன். மொதப் பக்கம் முடிய ஒரு பகல் ஆச்சு. ஒருநாள் கற்பகம் பாத்துட்டா. ஒளிக்கலாம்னு பாத்தேன், கை ஒளிக்கலை. பக்கத்துல வந்து உக்காந்தா.

"நீங்க படிச்சிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே எழுதினேன் அத்தை. படிக்கவே மாட்டீங்கன்னு தெரிஞ்சப்ப அதைவிடச் சங்கடமாப் போச்சு" ன்னா.

இந்த ஆடியிலதான் நான் சாகிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். காய்ச்சல்ல கிடக்கிற பேச்சியம்மாளுக்கு மருமகள் தண்ணி ஊட்டப் போறா. கிழவி வாயைத் திறக்க மாட்டேங்கா. "படுத்துக்கிட்டு குடிக்க நான் என்ன சீக்காளியா? என்னைத் தூக்கி உக்கார வை" ங்கா. உக்காந்து குடிச்சு, செம்பைத் தானே கீழ வச்சிட்டு, அப்புறம்தான் போறா.

கற்பகத்தைக் கூப்பிட்டேன். "இது சரியாத்தான் எழுதியிருக்கட்டி. நான் உக்காந்துதான் குடிப்பேன்" ன்னேன். சொல்லும்போதே கண்ணுல தண்ணி வந்துட்டு. ஊருக்கெல்லாம் நான் சொன்ன பொய்யை அம்மன் அன்னைக்கு மெய்யாக்கிட்டா.

பெரிய வியாபாரம் ஒண்ணும் நடந்துறலை. கிடைக்காரங்க சிலபேரு வாங்கினாக. கிடை போட்ட காட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டு வந்தாரு. பெட்டி இன்னும் சீனி மூட்டை பக்கத்துலதான் இருக்கு. கற்பகம் எழுதிக்கிட்டிருக்கா. நான் ஒரு ஆளைக் கேட்டேன். அம்மன் எங்கயோ காட்டுல கிடந்தவுகளைக் கொண்டாந்து காட்டிட்டு, என்னையும் பிடிச்சு உக்கார வச்சுப் படிக்க வச்சிட்டா.

அதனால தாய்மாரே, உங்க வீட்டுல யாரும் பாக்காமக் கிடக்கிற காரியம் எதுவா இருந்தாலும் அவகிட்டச் சொல்லுங்க. அவ கொடுப்பா. நாம நெனச்ச வழியில கொடுக்க மாட்டா, அவ்வளவுதான். கேக்கப் போகும் முன்னால நம்ம பங்கை நாம செஞ்சோமான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. நான் பாக்கலை, அதனாலதான் பந்தல்ல தலைகுனிஞ்சு நின்னேன்.

இதை யாரையும் எழுதச் சொல்லாம என் கையாலயே எழுதியிருக்கேன். புத்தகம் வேணும்ங்கிறவுக கடைக்கு வாங்க, சும்மாவே தாரேன். ஒண்ணே ஒண்ணு. தயவுசெஞ்சு மொய்க்குத் திருப்பி மட்டும் வச்சிராதீக.