மூன்று முறை கேட்பவர்

இல்லை, அவருக்குக் காது மந்தமில்லை. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது வைத்தியர் பெராகியாவின் பழக்கம். "முதல் பதில் ஊருக்கு, ரெண்டாவது மாமியாருக்கு, மூணாவதுதான் எனக்கு" என்பார். கேட்டுக்கொண்டே மடியிலிருந்து வறுத்த கொண்டைக்கடலையை எடுத்துக் கொறிப்பார். அவர் வந்துபோன வீட்டைச் சிந்திய கடலைத் தோலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில், எங்கள் யூதர் தெருவில், ஒரு வாசலில் அவர் கழுதை நின்றால் யாருக்கு நோய் என்று எவரும் கேட்பதில்லை. என்ன குட்டு உடைகிறது என்றுதான் கேட்பார்கள்.

என் பேரன் பிறந்த எட்டாம் நாள், நுனித்தோல் நீக்கும் விருத்தசேதனச் சடங்குக்கு, அவர் விருந்தாளியாகத்தான் வந்தார். சடங்கு செய்யும் சாதோக் கத்தியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். துணியை அவிழ்த்தால் குழந்தையின் தொடையில் நீலத் திட்டுகள்! கூட்டம் சிரித்தது. நான் அவுரிச் சாயக்காரன். முழங்கை வரை நீலம்.

"தாத்தா பிள்ளையக் கீழ விட்டாத்தானே! பேரனையும் தொட்டியில முக்கிட்டாரு" என்றார் சாதோக். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

பெராகியா மட்டும் ஆசீர்வாதக் கிண்ணத்துத் திராட்சை ரசத்தில் விரலை நனைத்துத் திட்டைத் தேய்த்தார். நீலம் போகவில்லை. கடலை கொறிப்பது நின்றது.

"ஏம் தாயி, உன் அக்காமாருக்கு ஆம்பளப் பிள்ளை உண்டா?" என்று என் மருமகள் துர்பாவைக் கேட்டார். அவள் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்தவள்.

"இல்லைங்க."

மறுபடி கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணொண்ணு பிறந்து, காய்ச்சல்ல போயிடுச்சு."

"ஓய், கத்தி வைக்கிற நேரத்துல நீர் என்ன பொண்ணு பாக்கவா வந்தீர்?" என்று சாதோக் கடுகடுத்தார்.

பெராகியா அதே குரலில் மூன்றாவது முறை கேட்டார். துர்பா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள்.

"கத்தி வச்ச அன்னைக்கே ரெண்டும் போச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. வெளிய தெரிஞ்சா எனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு அம்மா சொல்ல விடல. இவனுக்காச்சும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு..."

பெராகியா சாதோக் பக்கம் திரும்பினார்.

"இது சாயமில்ல, தோலுக்குள்ள கட்டின ரத்தம். அக்கா பிள்ளைங்க ரெண்டு இப்படிப் போனா தங்கச்சி பிள்ளைக்குக் கத்தி கூடாதுன்னு நம்ம சாத்திரமே சொல்லுது, சாதோக்."

சாதோக் கத்தியை உறையில் செருகினார்.

கத்தியில்லாமலே நிஸ்ஸிம் என்று பெயர் வைத்தோம். இப்போது என் தங்கம் தவழ்கிறான். முட்டி படக்கூடாதென்று தரையெல்லாம் ஆட்டுத்தோல் விரித்திருக்கிறேன்.

இன்று காலை அவன் கன்னத்தில் நீலத் திட்டு. எனக்கு உயிரே போய்விட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, தெருவில் வந்த கழுதையை மறித்தேன். பெராகியா விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது உம்ம சாயம், பெரியவரே. போய்க் கையக் கழுவிட்டு வந்து கொஞ்சும்."