தட்டில் மிச்சம் வைத்த என் மகள்

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிள்ளானில் ஒரு மலிவு விலை ஃபிளாட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். நான் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சரியான வாயாடி. திடீரென்று பேச்சு குறைந்தது, ஆள் இளைத்தாள், சும்மா உட்கார்ந்து புருவ முடியைப் பிடுங்குவாள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கண்ணுபட்டதோ என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன், கோயிலில் கயிறு கட்டினேன். அப்புறம்தான் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார், மனநலப் பிரிவுக்கு!

நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். பிள்ளையைப் பைத்தியம் என்கிறார்களே என்று பதறிப்போனேன். அதைவிட, எங்கள் நிலைமை தெரிந்தால் அரசாங்க வெல்ஃபேர்காரர்கள் அவளைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து பள்ளியில் மயங்கி விழுந்தாள். ஆசிரியை போன் பண்ண, கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பள்ளியில் கொடுக்கிற இலவசச் சாப்பாட்டைப் பல நாளாக அவள் தொடவே இல்லை என்று ஆசிரியை சொன்னார். ஆனால் வீட்டில் தினமும், "ஸ்கூல்ல நிறைய சாப்பிட்டேம்மா" என்பாளே!

"ஏன்டி பொய் சொன்ன?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க மட்டும்? கடையில சாப்பிட்டேன்னு சொல்லிட்டு, நான் மிச்சம் வைக்கிறத சாப்பிடுறீங்க. அதான் நிறைய மிச்சம் வச்சேன். கேண்டீன்ல உட்கார்ந்தா உங்க ஞாபகம்தான் வருது. முழுங்க முடியல."

பக்கத்தில் நின்ற மனநலப் பிரிவுத் தாதி, நம்ம தமிழ்ப் பெண், "ஒரே வீட்டுல ரெண்டு பொய்யா? யாருக்கு மார்க் அதிகம்?" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாச்சு!

"பிள்ளைய கொண்டு போயிடுவீங்களா, மிஸ்ஸி?" என்று அந்தத் தாதியிடம் அழுதபடியே கேட்டேன்.

"எங்க கொண்டு போறது? என் வீட்டுலயே மூணு வாலு இருக்கு லா, அக்கா. மாசம் ஒருதரம் ரெண்டு பேரும் வாங்க, உட்கார்ந்து பேசுவோம்."

அரசாங்க உதவித்தொகைக்கான விண்ணப்பப் பாரத்தையும் ஒவ்வொரு வரியாக எனக்குப் படித்துக் காட்டி நிரப்பிக் கொடுத்தார். மகளோடு நானும் மாதாமாதம் போனேன். மருந்தைவிட பேச்சுதான் அதிகம். மெல்ல மெல்ல புருவம் வளர்ந்தது, வாயும் வளர்ந்தது. இப்போது பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை.

என் கணவர் பாதுகாவலர் வேலைக்குப் போகிறார், ஆனாலும் இழுபறிதான். சோறு குறைவாக இருந்தால் குறைவு என்றே சொல்லி மூன்று பேரும் ஒன்றாக உட்காருகிறோம். எங்கள் கஷ்டத்தை என்னால் உடனே தீர்க்க முடியாது, ஆனால் அதை நினைத்து என் பிள்ளை தனியாகப் பயப்படாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.