கண்ணுக்குள் பூசாத மஞ்சள்

பிரசவத்திற்குப் பின் தங்கை ஈப்போவை அடுத்த லகாட்டில் என் வீட்டில்தான் இருந்தாள். குழந்தை பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் நான் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஐந்தாம் நாள் காலை, "இவன் மூஞ்சி மஞ்சளா இருக்குக்கா" என்றாள் தங்கை.

"நேத்து மஞ்சள் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன்லா. இன்னும் போகல" என்றேன். குழந்தை பாலுக்கும் அழவில்லை. 'சமத்தாகத் தூங்குகிறான்' என்று எழுதினேன்.

பதினொரு மணிக்கு, வழக்கம்போல் தாயையும் சேயையும் பார்க்க கிளினிக்கிலிருந்து தாதி வந்தார். குழந்தையைச் சன்னலோரம் தூக்கிச் சென்று இமையை விலக்கினார்.

"கண்ணுக்குள்ளயுமா மஞ்சள் தேய்ச்சீங்க, அக்கா?"

வெள்ளை விழி எலுமிச்சை நிறத்தில் இருந்தது.

"மஞ்சக்காமாலை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. விட்டா மூளையைப் பாதிக்கும்."

ஈப்போ போகும்வரை தங்கை அவனை எழுப்ப அவன் பாதத்தைச் சுண்டிக்கொண்டே வந்தாள். அவன் சிணுங்கக்கூட இல்லை. நான் காரை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள், காமாலையை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடந்தான். நான்காம் நாள் பாலுக்கு வீரிட்டு அழுதான். நாங்களும் அழுதோம்.

இப்போது அவன் நன்றாக ஓடி விளையாடுகிறான். குறிப்பேட்டில் 'சமத்தாகத் தூங்குகிறான்' என்ற வரியை நான் அடித்துவிடவில்லை. எந்த வீட்டிலாவது பச்சைக் குழந்தை அழாமல் தூங்கினால், இன்றும் அருகில் போய் அதன் கண்ணைப் பார்க்கிறேன்.