மட்டக்கம்பும் அம்மாவின் முழங்காலும்

பால்மாவும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை, கூடவே உள்ளங்காலில் சுள்ளென்று ஏறும் சீமெந்துத் தரையின் குளிர்: எல்கடுவைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தின் "பிள்ளைக்காம்பரா"வை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இவைதான். தாய்மார் "மலைக்கு", அதாவது தேயிலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த நீண்ட அறை ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும். நான் ஆறாம் ஆண்டு படித்த காலத்தில், மாத்தளை டவுனிலிருந்து ஓர் இளம்பெண் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அங்கே யோகா சொல்லிக்கொடுத்தார். அவரை எல்லாரும் "யோகா மிஸ்" என்றே கூப்பிட்டார்கள்.

அம்மா அங்கே போனது ஆசையால் அல்ல, வலது முழங்காலால். சரிவில் குறுக்காக நின்று பறிக்கிறவர்களுக்கு மேட்டுப்பக்கத்துக் கால் மடங்கியும் பள்ளத்துப்பக்கத்துக் கால் நீண்டும் இருக்கும். அம்மாவுக்கு மேட்டுப்பக்கம் வலது கால் இருந்தால்தான் கை ஓடும். பதினைந்து வருடம் அப்படியே நின்றதில் அந்த முழங்கால் வலித்து விட்டுப்போகத் தொடங்கியிருந்தது. "இப்படியே போனா மலை ஏறுறத விட்டிறணும்" என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லிவிட்டார். அம்மா மலைக்குப் போகாவிட்டால் நான் இரத்தோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படிப்பது நின்றுவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது. அதனால் அந்த முழங்காலின் மீது எனக்கு இருந்த அக்கறை முழுக்க முழுக்கப் பாசம் என்று இன்று சொன்னால் அது பொய்.

முதல் நாள் மிஸ் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு நேராக நிற்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொன்னார். ஒருவர்கூட நேராக இல்லை. சமதரையில் நின்றுகொண்டு ஒவ்வொருவரும் தத்தம் மேட்டுப்பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். பிள்ளைக்காம்பராவே அதிரும்படி சிரித்தார்கள். மிஸ் அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தியபோது அம்மா பதறிப்போய், "நேரா நின்னா விழுற மாதிரி இருக்குங்க மிஸ்" என்றார்.

"அப்படித்தாங்கக்கா இருக்கும். உடம்பு கோணலுக்குப் பழகிருச்சு. எவ்வளவு குனியிறோம், எவ்வளவு வளையிறோம்ங்கிறது பெரிசில்ல. எலும்பு எலும்புக்கு மேல சரியா உக்காரணும். இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சா முட்டி உள்ள மடங்கும், பாரம் பூரா அதுல எறங்கும்" என்றார் மிஸ். வீட்டில் செய்யும்போது இடுப்பு மட்டமாக இருக்கிறதா என்று யாராவது முன்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த "யாராவது" நான்தான். அம்மா மூலையிலிருந்து மட்டக்கம்பை எடுத்து வந்தார். தேயிலைச் செடியின் தலைமீது படுக்க வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தை மட்டும் பறிப்பதற்கான மெல்லிய கம்பு அது. மலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணிடமும் இருக்கும். அதை இடுப்பின் முன்னெலும்புகள் இரண்டிலும் பொருந்தப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காரப் போகிறவர் போல முழங்காலை மடக்கி எங்கள் வரிசைவீடான லயத்தின் வாசலில் நிற்பார். நான் எதிரே குந்தி, ஒரு கண்ணை மூடி, கம்பைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தூக்குங்கம்மா", "ம், இப்ப சரி" என்று அதிகாரம் பண்ணுவேன். "வேலை செய்யிற எடத்துல ஒரு கங்காணி, வூட்டுல ஒரு கங்காணி" என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சூரியனைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். ஆகவே தினமும் அதே இடம், அதே திசை. ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வலி குறையவில்லை. கூடியது. ஐந்தாவது ஞாயிறன்று அந்த முழங்கால் பனங்காயாக வீங்கி, அம்மாவால் பிள்ளைக்காம்பரா வரைகூட நடக்க முடியவில்லை. அடுத்த நாள் மலைக்கும் போக முடியாது என்று தெரிந்ததும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா அழுததை நான் கேட்டது அன்றுதான்.

ஆளைக் காணவில்லையே என்று மிஸ்ஸே லயத்துக்கு ஏறி வந்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிச் செஞ்சீங்க? காட்டுங்க" என்றார். அம்மாவால் எழ முடியாததால் நானே வாசலில் போய் அம்மா நிற்கும் இடத்தில் நின்று, மட்டக்கம்பை இடுப்பில் வைத்து, தரைக்கு ஒத்தாற்போல் சரியாக்கிக் காட்டினேன். மிஸ் கம்பையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கம்புக்குப் பக்கத்தில் படுக்கையாகப் பிடித்தார். உள்ளே தண்ணீரின் மட்டம் நேராக நின்றது, பக்கத்தில் என் கம்பு சரிந்து நின்றது.

எங்கள் லயத்து வாசலும் சரிவுதான்; சூரியனைப் பார்த்து நின்றால் வலது பக்கம் மேடு. பிறந்ததிலிருந்து அதில் நடந்த எனக்கு அது சரிவாகவே தெரிந்ததில்லை. தேயிலையில் மட்டக்கம்பைத் தரை போகிற போக்கில்தான் வைப்பார்கள். மலை சரிந்தால் செடியின் மட்டமும் அதோடு சேர்ந்து சரியும், அதுதான் ஒழுங்கு. நான் அம்மாவின் இடுப்பையும் அப்படியே பார்த்திருக்கிறேன். மேட்டுப்பக்கத்து வலது இடுப்பைத் தூக்கச் சொல்லித் தூக்கச் சொல்லி, ஏற்கெனவே இருந்த கோணலை ஒரு மாதமாக வளர்த்திருக்கிறேன். விஷயம் புரிந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன்.

உள்ளே மிஸ் அம்மாவுக்கு விளக்குவது கேட்டது. அடுத்து அம்மா கத்துவார் என்று காத்திருந்தேன். அம்மா சிரித்தார். "புள்ள தேயிலைக்குச் சரியாத்தான் மட்டம் பாத்திருக்கா மிஸ். நாந்தான் தேயில இல்ல" என்றார்.

அதன்பிறகு பிள்ளைக்காம்பராவின் கதவுத் திறப்பை அங்கே குழந்தைகளைப் பார்க்கும் ஆயா எங்களிடம் தர, வீக்கம் வற்றியதும் மாலைதோறும் அந்தச் சமதரையில் செய்தோம். போத்தல்தான் இப்போது கங்காணி. குதிங்காலுக்கு மேல் முழங்கால், முழங்காலுக்கு மேல் இடுப்பு என்று மிஸ் சொன்ன ஒழுங்கில் நிற்க அம்மாவுக்கு மூன்று மாதம் பிடித்தது. மலையிலும் செடிவரிசைகளில் ஒரு நெரையை இந்தக் கால் மேட்டிலும் அடுத்த நெரையை அந்தக் கால் மேட்டிலுமாக நின்று பறிக்கப் பழகினார். பிந்திப் போகிறாள் என்று கங்காணியிடம் கொஞ்சநாள் திட்டு வாங்கினார். பிறகு யாரும் திட்டவில்லை. நானும் இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தேன்.

இன்று மாத்தளை டவுனில், சுவர் நிறையக் கண்ணாடி பதித்த ஒரு மண்டபத்தில் நான் யோகா வகுப்புக்குப் போகிறேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் தனித்தனி வீடுகள் வந்துவிட்டன. பிள்ளைக்காம்பராவை இடித்து, டைல்ஸ் பதித்துப் புதிதாகக் கட்டி, அதற்கு நீளமாக ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். மிஸ் கல்யாணமாகி வெளிநாடு போனதாகக் கேள்வி. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று பலமுறை என்னையே நொந்திருக்கிறேன். அம்மா வேலையை விட்டு என்னோடு இருக்கிறார்.

அன்று ஓடி ஒளிந்தேனே தவிர, அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. இத்தனை வருடமும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் ஒருநாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாலதானேம்மா ஒங்க முட்டி அப்பிடி வீங்கிச்சு" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அம்மா கையை நிறுத்தி, தன் இரண்டு முழங்காலையும் தடவிப் பார்த்தார்.

"எந்தக் காலு?" என்றார்.