வெள்ளை வாளியும் அறுபது மாடுகளும்

காலை எட்டு மணிக்கு ஹோர்சன்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினேன். மடியில் ஒரு வெள்ளை வாளி. டென்மார்க்கில் நம்மவர் வீடுகளில் மயோனைஸ் முடிந்த வாளியை எறிவதில்லை. கழுவி வைத்துவிட்டுச் சாப்பாடு கொண்டுபோக எடுப்போம். எதிரே சென்னைப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார்.

“என்ன ஆன்ட்டி, பெயின்ட்டா?”

“இல்லைத் தம்பி, இடியப்பமும் சம்பலும். மகளுக்கு.”

இடியப்பத்தோடு ஒரு வசனத்தையும் கொண்டுபோனேன்: இந்த வேலை போதும், வீட்டுக்கு வா. அதை அவரிடம் சொல்லவில்லை.

மகள் அனிற்றா இறைச்சி மாடு வளர்ப்பவர்களுக்கு ஆலோசகர். மாறிவரும் காலநிலையைத் தாங்கும்படி பண்ணைகளை மாற்றியமைக்க உதவுகிறாள். போன கோடையில் நீல்ஸ் என்பவரின் பண்ணையில் மழையே இல்லை. மேய்ச்சல் நிலத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதுவும் வற்றியது. தண்ணீர் வண்டி வந்ததும் தாகத்தில் பாய்ந்த மாடுகள் அவளைப் படலைக் கதவோடு சேர்த்து நெரித்துவிட்டன. மூன்று விலா எலும்புகள் முறிந்தன. ஆஸ்பத்திரியில் அவள் மூச்செடுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிரெடெரீசியாவில் ரயில் மாறி, பத்து மணியளவில் எஸ்பியர்க்கில் இறங்கினேன். அனிற்றா காரில் வந்திருந்தாள். தெற்கே ரீபே பக்கமாக அரை மணி நேரம். வெயில் அப்போதே சுட்டது. இன்று அதே மாடுகளை வேறு நிலத்துக்கு மாற்றப் போகிறாளாம்.

கடலோரச் சமவெளி. முன்பு ஒரே வெளியாகக் கிடந்த நிலத்தை மின்கம்பியால் பல துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். புல்லை அடியோடு மேயவிடாமல், ஒரு சாண் உயரம் மிச்சம் இருக்கும்போதே மாடுகளை மாற்றிவிடுவார்களாம். வேர் ஆழமாகப் போகும், மண் காயாது. புதிதாக நட்ட மரக்கன்றுகள் இன்னும் நிழல் தராததால் பழைய ஆல்டர் மரங்கள் நின்ற துண்டை வெயில் நாளுக்கென ஒதுக்கியிருந்தார்கள். துண்டுக்கு இரண்டு தொட்டிகள். கிழக்குத் துண்டில் மட்டும் ஒன்றுதான்.

“நீங்கள் காருக்குள்ள இருங்கோ அம்மா,” என்று சொல்லிவிட்டு அவளும் நீல்ஸும் படலைகளைத் திறக்கப் போனார்கள்.

காருக்குள் அனல். சம்பல் பழுதாகிவிடும் என்று வாளியோடு இறங்கி, மாடுகள் நின்ற துண்டுக்கும் ஆல்டர் துண்டுக்கும் நடுவிலிருந்த ஒழுங்கைப் பாதையில் நின்றேன்.

அறுபது தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. நீல்ஸ் மாடுகளுக்குத் தீனி காட்டி அழைப்பதும் வெள்ளை வாளியில்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திறந்த படலையால் அவை என்னை நோக்கி வந்தன. வாளியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

“அம்மா, ஓடாதேங்கோ! அப்பிடியே மரத்தடிக்கு நடவுங்கோ!”

“இடியப்பமடி!”

“பரவாயில்லை, நடவுங்கோ!”

நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கனத்த மூச்சுகள். ஆனால் ஒன்றுகூடப் பாயவில்லை, முட்டவில்லை. வயிறும் நிறைந்து தாகமும் தீர்ந்த மாடுகள். வாளிக்குள் என்ன என்று பார்க்கத்தான் வந்தன. ஆல்டர் நிழலை எட்டியதும் என்னை மறந்து புல்லில் வாய் வைத்தன. அனிற்றா கம்பியைக் குனிந்து கடந்து வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே மாடுகளை எண்ணத் தொடங்கினாள்.

நீல்ஸ் டேனிஷில் கேட்டார்: “நாளைக்கும் வருவீர்களா? எனக்கு இரண்டு பேர் தேவைப்படுகிற வேலையை நீங்கள் தனியே செய்துவிட்டீர்கள்.”

மூவரும் மரத்தடியிலேயே சாப்பிட்டோம். சம்பலின் உறைப்பில் நீல்ஸுக்குக் காதுவரை சிவந்தது. ஆனாலும் இன்னும் கேட்டார்.

மாலை நாலரைக்கு எஸ்பியர்க் நிலையம். ஹோர்சன்ஸில் நான் வானிலை பார்ப்பது உடுப்புக் காயப்போட. இங்கே அதைப் பார்த்துத்தான் மகள் படலை திறக்கிறாள்.

ரயில் வந்து நின்றது. “ஏதோ கதைக்க வேணும் எண்டு ஃபோனில சொன்னனீங்கள்?” என்றாள்.

“ஓம். அந்தக் கிழக்குத் துண்டுக்கும் இன்னொரு தொட்டி வைக்கச் சொல்லு,” என்றேன்.