இன்னும் ஒரு பேணி

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் "காணும்" என்று கையால் மறித்தாலும், இன்னொரு அகப்பை வைக்காமல் நான் விட்டதில்லை. அதே கையால் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி காலில் வெட்டியதில் என் கணவருக்கு ஏற்புவலி, டாக்குத்தர் சொன்ன ரெட்டனஸ், கண்டது. வாய் இறுகிவிட்டதால் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். தாதிமார் குறைவு என்பதால் தகரப் பேணியால் பால் அளந்து குழாயில் ஊற்ற என்னையே பழக்கினார்கள்.

"மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரைப் பேணி. அதுக்கு மேலை ஊத்தாதேங்கோ அம்மா. சத்தியாய் மேலை வந்தால் பால் நெஞ்சுக்குள்ளை போயிடும்" என்றார் தாதி மிஸ்ஸி.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவருடைய தங்கை பார்க்க வந்தாள்.

"அண்ணை எலும்பாய்ப் போனார் மச்சாள். உந்த அரைப் பேணி ஆருக்குக் காணும்?"

எனக்கும் அதே எண்ணம்தான். அரைப் பேணி ஊற்றிய கையோடு, முட்டை அடித்த பால் ஒரு முழுப் பேணியும் ஊற்றினேன். தடையில்லாமல் இறங்கியது. குடிக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

சற்று நேரத்தில் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. பல்லிடுக்காலும் மூக்காலும் பால் வந்தது. முகம் நீலம் பாரித்தது. மிஸ்ஸி ஓடிவந்து முடிந்தவரை உறிஞ்சி எடுத்தார். அதிலிருந்து மூன்றாம் நாள் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக அவர் போய்விட்டார்.

"ஏற்புவலிதான் கொண்டுபோனது" என்று டாக்குத்தர் எனக்காகச் சொன்னார். நான் நம்பவில்லை.

இப்போது யாராவது கையால் மறித்தால் அந்த இடத்திலேயே அகப்பையைத் திருப்பிவிடுகிறேன். உபசரிக்கத் தெரியாதவள் என்கிறார்கள். சொல்லட்டும். அன்று மறிப்பதற்கு அவருக்குக் கை எழவில்லை.