ஐந்தாவது ஏன்

துப்பறியும் நாவல் படிப்பவர்களைப் போல அற்பர்கள் உலகத்தில் இல்லை என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். இப்போதும் அந்த எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை. என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஓசூரில் எங்கள் லேஅவுட் சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை வாசகர் வட்டம் கூடும். வருகிறவர்கள் அநேகமாக ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஆட்கள். வீட்டில் இருந்தால் மருமகளுக்கு இடைஞ்சல் என்று கிளம்பி வருகிறவர்கள். நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுத் தலைவனாக இருந்தவன். பொறியியல் படித்து வேலைக்குப் போனபின், அஞ்சல் வழியில் இலக்கியப் பட்டமும் வாங்கியவன். ஆகவே நான் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் போனேன்.

எங்கள் தொழிற்சாலையில் டூல் ரூம் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் சூளகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒருநாள் என்னைப் படிக்கட்டில் தனியாக நிறுத்தினார்.

"சார், வீட்ல அவங்களக் கூட்டிக்கினு வரலாமா? ரொம்ப நாளா வெளியவே வர்றதில்ல. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்தாங்கன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப மாத்திரையில நல்லா இருக்காங்க. நாலு பேரோட பழகணும்னு டாக்டர் சொல்றாரு."

"தாராளமா" என்றேன்.

அந்த அம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், படிப்பது தமிழ். வரும்போது தங்கள் மரத்துக் கொய்யாவைக் கொண்டுவந்து, நறுக்கி, மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவி வைப்பார். முதலில் கணவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவர், மெல்ல மெல்ல முன்வரிசைக்கு வந்தார். ஒரு ஞாயிறு இருவரும் தாமதமாக வந்தார்கள். சானமாவு காட்டருகே யானைகள் சாலையைக் கடந்ததால் வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். குட்டி ஒன்று தாயின் வாலைப் பிடித்துக்கொண்டே போனதை அவரே எழுந்து எல்லோருக்கும் சொன்னார். கணவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது நான் தேர்ந்தெடுத்த நாவல். வெள்ளைக்காரன் காலத்துக் கிருஷ்ணகிரி; மலையடிவாரக் கிராமத்து மணியக்காரர் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறார். அவருடைய தம்பி மனைவி, புத்தி பேதலித்தவள், "நான்தான் தள்ளினேன்" என்கிறாள். அவள் சொல்வது உண்மையா, பிரமையா என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. அவளை வண்டியில் ஏற்றிப் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோடு முடிகிறது.

வாசகர்களுக்கு இது பொறுக்கவில்லை. கொலைகாரன் பெயரைச் சொல்லாத நாவல், மீதிச் சில்லறை தராத கண்டக்டரைப் போல அவர்களுக்கு. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் முதல் பாதியே வேண்டாம் என்றார். ஒருவர் கொலையை விட்டுவிட்டு, நாவலில் வரும் மாம்பழ ரகம் அந்தக் காலத்தில் இங்கே கிடையாது என்று சண்டை பிடித்தார்.

"அவதான் சார், சந்தேகமே வேண்டாம்" என்றார் எங்களில் ஒரு திருநெல்வேலிக்காரர். "அட்டையப் பாத்தாலே தெரியுதுல்லா. முடிய விரிச்சுப் போட்டுல்லா நிக்கா."

நான் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனேன். தொழிற்சாலையில் ஒரு பாகம் பழுதானால் 'ஒய்-ஒய்' போடுவோம். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் கிடைக்கும். அதைச் சரிசெய்தபின், அதே கோளாறு வேறு எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று தேடுவோம்; அதற்கு 'ஹரிசாண்டல் டிப்ளாய்மென்ட்' என்று பெயர். ஆயுள் முழுக்க அதையே செய்தவர்கள், கொலைக்கும் அதையே செய்தோம்.

மணியக்காரர் ஏன் செத்தார்? கிணற்றில் விழுந்தார். ஏன் விழுந்தார்? அவள் தள்ளினாள். ஏன் தள்ளினாள்? கோபம். ஏன் கோபம்? அவளுடைய நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தார். நாவலாசிரியர் பாதிப் புத்தகத்தை அந்த நிலத்துக்காகத்தான் எழுதியிருந்தார். நாங்கள் அதை ஒரு வரியில் தாண்டினோம்.

"நெலம் போனவங்கல்லாம் கொலையா பண்றாங்க?" என்றார் வங்கி மேலாளர். "அப்பிடிப் பாத்தா இங்க ஊருக்குப் பத்துக் கொலை விழணும். அஞ்சாவது ஒய் என்னா சார்?"

'மனநோய்' என்று எழுதி வட்டம் போட்டேன். கைதட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

"சரி, ஹரிசாண்டல் டிப்ளாய்மென்ட்" என்று திருநெல்வேலிக்காரர் சிரித்தார். "நம்ம லைன்ல இதே மாதிரி மிஷின் எதுவும் ஓடுதா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் வேடிக்கை. தெரிந்தவன் நான் ஒருவன். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். பலகையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தேன். என் பேச்சுக்குத் தலையாட்டிப் பழகிய தலைகள் என் பார்வைக்கும் திரும்பின.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். கொய்யாவை எடுத்து வைத்தபோது வங்கி மேலாளர் மேசைமேல் இருந்த கத்தியை முந்திக்கொண்டு எடுத்தார்.

"நீங்க உக்காருங்கம்மா, நான் நறுக்கறேன்."

வீட்டில் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதர் அவர். கொய்யாவைக் கோணல் மாணலாக வெட்டினார். எல்லோரும் கருணையே உருவாக உட்கார்ந்து தின்றார்கள். நானும் தின்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வரவில்லை.

சில வாரம் கழித்துச் சூளகிரிக்குப் போனேன். கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார் என்று கணவர் வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அந்த அம்மாள் வந்து எதிரில் நின்றார். "தப்பு என்னுதுதாம்மா" என்றேன்.

"தெரியும் சார். நீங்க பாக்காம இருந்திருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவ்ளோ புத்தி ஏது அவங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"திரும்ப வரணும்மா. நான் அவங்ககிட்டப் பேசறேன்."

"என்னான்னு பேசுவீங்க? இந்தம்மா யாரையும் ஒன்னும் பண்ண மாட்டாங்கன்னா?" என்றார். "வந்தா, கைய எங்க வெச்சிக்கறதுன்னு யோசிச்சிக்கினே உக்காந்திருக்கணும் சார். வீட்ல அந்த வேலை இல்ல."

கணவர் ஏதோ தெலுங்கில் கெஞ்சினார். "ஒத்து" என்றார் அவர். வேண்டாம் என்று அர்த்தம். உள்ளே போய்விட்டார்.

வட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இனி மனநோய்க் கதை வேண்டாம், யாருக்காவது மனம் புண்படும் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டுவிட்டுத் தங்களை நல்லவர்களாக உணர்ந்தார்கள். கணவரும் வருவதில்லை. அந்த அம்மாளைத் தனியே விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை என்று கேள்வி. நான் மட்டும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போகிறேன். நான் பேசுகிறேன், அவர்கள் தலையாட்டுகிறார்கள்.